இலங்கையை வலம் வருவது எப்படி

உக்காருங்க தம்பி, தாராளமா உக்காருங்க. ஜன்னலோரம் மட்டும் கேக்காதீங்க, கோவிச்சுக்காதீங்க. நான் வெளிய பாத்துட்டே வரணும். எதுத்தாப்பல ஒரு வெள்ளை வேன் வரும். அதுல என்ற சம்சாரம் வர்றா.

இல்லீங்க, சண்டையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. ஆரு சொன்னது சண்டைன்னு? அவ அந்தப் பக்கமா வர்றா, நான் இந்தப் பக்கமா வர்றேன், அவ்வளவுதான். ஒரே ஊர்ல இருந்து, ஒரே பிளேன்ல, பக்கத்துப் பக்கத்துச் சீட்டுல உக்காந்துதான் கொழும்புக்கு வந்தோம். ஏர்போர்ட்டு வாசல்ல அவ தெக்க போயிட்டா, நான் வடக்க வந்துட்டேன். இப்ப இந்த பஸ்ஸு வாகரைப் பக்கம் டீக்கு நிக்குமாமே, அங்க ரெண்டு பேரும் சந்திக்கிறோம். அவ வேன்ல இருந்து எறங்கி இதுல ஏறிக்குவா. பொறகு ரெண்டு பேருமாச் சேர்ந்து மட்டக்களப்பு, கதிர்காமம்னு மிச்சத்தையும் முறையாச் சுத்திட்டுக் கொழும்பு போயிச் சேந்துருவோம். அவ ஏறிக்கோணும். அதாங்க இன்னிக்கு முக்கியம்.

நானுங்க கோயமுத்தூரு. பேரு குழந்தைசாமி. பொன்னழகர் பஸ் சர்வீஸ்னு ஒரு கம்பெனி, நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. அதுல டைம் கீப்பரா இருந்து ரிட்டயர் ஆனவன். என்ற கைல விசில் இருந்த வரைக்கும் ஒரு வண்டி ஸ்டாண்ட விட்டு நேரம் தப்பிப் போனதா ஒருத்தர் சொல்லட்டும் பாப்போம். ரூட்டு போடறதுன்னா எனக்கு ஆரும் சொல்லித்தர வேண்டியதில்லீங்க. எந்த ஊருக்கு எந்தப் பாதை, எங்க பாலம், எங்க ஏத்தம், எல்லாம் மனப்பாடம். போனதில்ல. போக எங்கீங்க நேரம்? நான் பஸ் ஏறிப் போயிட்டா விசில் ஊதறது ஆரு?

வசந்தாமணி, அதான் என்ற சம்சாரம், அவளுக்குப் பழனிக்கு அக்கட்டால ஒண்ணுந் தெரியாது. ஊட்டிகூடப் பாத்ததில்ல. இத்தனைக்கும் ஊட்டி பஸ்ஸுக்குத் தெனமும் நாந்தான் விசில் ஊதுவேன். அப்படி இருந்தவ இன்னிக்கு நான் இல்லாம ஒரு தீவுல பாதியச் சுத்திட்டு வர்றான்னா, அவளுக்கு எவ்வளவு வெசனமா இருக்கும்னு பாத்துக்கங்க.

ரிட்டயர் ஆன பொறகு எங்க ஏரியா பார்க்குல காலைல நடக்கப் போனனுங்க. போன புதுசுல பாக்கறேன், அவனவன் இஷ்டத்துக்கு நடக்கறான். ஒருத்தன் இப்படி, ஒருத்தன் அப்படி, ஒருத்தி நடுவால. எனக்குத் தாங்கல. இளங்காலை நடையாளர் சங்கம்னு ஒண்ணை ஆரம்பிச்சு, செக்ரட்டரியாயி, தரைல சுண்ணாம்புல அம்புக்குறி போட்டனுங்க. எல்லாரும் வலமா நடக்கணும். கோயில்ல சுத்தற மாதிரி. எல்லாரும் கேட்டாங்க, ஒருத்தரத் தவிர.

ரத்தினசாமின்னு ஒருத்தருங்க. பம்பு செட்டு கம்பெனி வச்சிருந்தவரு. இடமாத்தான் நடப்பாரு. கேட்டா, ‘வலமா வந்தா வெயிலு கண்ணுல அடிக்குதுங்க செக்ரட்டரி’ம்பாரு. தெனமும் காலைல என்ற மூஞ்சிக்கு நேரா வர்றாருங்க. ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் வணக்கம் வேற. நல்ல மனுசன்தான், நான் இல்லைங்கல. ஆனா இடமா நடக்கறாரே.

அந்தச் சங்கத்துலதான் இலங்கைக்குப் போலாம்னு பேச்சு வந்துது. சொன்னது ஆருன்னு நெனைக்கறீங்க? நம்ம வசந்தாமணி. டிவியில என்னமோ பாத்திருக்கறா. தெக்க மிரிஸ்ஸன்னு ஒரு ஊரு இருக்குதாமே, அங்க படகுல கூட்டிட்டுப் போயித் திமிங்கலம் காட்டறாங்களாம். அதைப் பாக்கோணும்ங்கறா. அவ வாயத் தொறந்து இது வேணும்னு கேட்டே நான் பாத்ததில்லீங்க. கேட்டாப் பாரு, திமிங்கலம்! ஒரு காசுமாலை கேட்டிருந்தாக்கூட ஒரு ஞாயம் இருக்குது.

சரி, தீவுன்னு ஆகிப்போச்சு, நானே ரூட்டு போடறேன்னுட்டேன். வேற ஆரு போடறது?

தீவுன்னா என்னங்க தம்பி? சுத்தியும் தண்ணி, நடுவால மலை. மலை மேல என்ன? சிவனொளிபாதம். கரையோரம் பூராவும் என்ன? முன்னேசுவரம், கேதீசுவரம், நகுலேசுவரம், கோணேசுவரம். அப்ப இது என்ன? கோயிலுங்க! ஊரே ஒரு கோயிலு. கோயிலை எப்படிங்க சுத்தோணும்? மலை சோத்தாங்கைப் பக்கம், கடலு பீச்சாங்கைப் பக்கம். கொழும்புல எறங்கி வடக்க போயி, கெழக்க வந்து, தெக்க எறங்கி, திரும்பக் கொழும்பு. வலம். இதுல யோசிக்க என்ன இருக்குது? நீங்க இங்கயே பொறந்தவரு, எந்தப் பக்கமாச் சுத்தறோம்னு ஒரு நாளாச்சும் நெனைச்சுப் பாத்திருக்கறீங்களா? இல்லைல்ல? இந்த ஊரு பட்ட கஷ்டத்துக்கெல்லாம்கூட... சரி விடுங்க. நீங்க மூஞ்சிய அப்படி வச்சுக்காதீங்க.

சங்கத்துல எல்லாருக்கும் வெளங்கற மாதிரிச் சொல்லோணுமில்லீங்களா? பார்க்குலயே நடத்திக் காட்டினனுங்க. தண்ணி வராத ஃபவுண்டன் ஒண்ணு நடுவால நிக்குது, அது மலை. மெயின் கேட்டு கொழும்பு. பேட்மின்டன் கோர்ட்டு யாழ்ப்பாணம். கக்கூஸ் கட்டடம் திரிகோணமலை, தப்பா எடுத்துக்காதீங்க, அந்த மூலைல வேற ஒண்ணும் இல்லை. சறுக்கு மரம் கதிர்காமம். எல்லாரையும் வரிசையா என்ற பின்னால நடக்க வச்சு, ஒவ்வொரு ஊர்லயும் நிறுத்தி, இங்க இன்ன கோயிலு, இங்க இவ்வளவு நேரம், கெளம்புன்னு விசில் ஊதறேன். விசில நான் இன்னும் வச்சிருக்கறனுங்க. அருமையாப் போயிட்டிருந்துது.

கதிர்காமம் தாண்டி, கொழும்புக்கு வேகமா நடந்துட்டிருக்கறோம். திரும்பிப் பாத்தா வசந்தாமணி பின்னால நின்னுட்டா. குப்பைத்தொட்டிகிட்ட.

‘அங்க என்ன பண்றே?’ங்கறேன்.

‘இங்கதானுங்க மாமா மிரிஸ்ஸ வரும்?’ங்கறா.

‘அங்க ஸ்டாப்பு கெடையாது, வா’ன்னனுங்க. பின்ன என்ன பண்றது? அத்தனை கோயிலு கும்பிட்டு, வலம் முடியற நேரத்துல கடலுக்குள்ள போயி மீனு பாத்துட்டு நிக்கறதா? நேரமும் இல்ல. விசில் ஊதினேன். அவ நகரலீங்க. குப்பைத்தொட்டிகிட்ட அப்படியே நிக்கறா, கையக் கட்டிக்கிட்டு.

அந்நேரம் பாத்து ரத்தினசாமி எதுக்க வர்றாரு. இடமா. வந்தவரு அவகிட்ட நின்னு, ‘என்னங்கம்மா நிக்கறீங்க?’ன்னு கேக்கறாரு. இவ சொல்றா. அவரு எங்கிட்ட, ‘செக்ரட்டரி, இந்தப் பக்கமாவே போனா என்னங்க? கேட்டை விட்டதும் மொத ஸ்டாப்பே திமிங்கலமாச்சே. அதுவும் போக, தை மாசம் கெழக்க மழை விட்டிருக்காது. தெக்கால போயிட்டு மெதுவா வந்தா நாம வர்றதுக்குள்ள வெறிச்சிரும்’ங்கறாரு. எல்லாரும் தலைய ஆட்டறாங்க! என்ற பின்னால நடந்து வந்த அத்தனை பேரும்!

எனக்கு வந்துது பாருங்க கோவம். மழைக்குப் பயந்துட்டுச் சாமியப் பின்னால தள்ளறதா? ‘ஏனுங்க, இடமா எப்பங்க சுத்துவாங்க? சுடுகாட்டுல கொள்ளிக்கொடம் ஒடைக்கறப்பத்தான் சுத்துவாங்க. நாம என்ன எழவுக்கா போறோம்?’னு கேட்டுப்போட்டேன். கொஞ்சம் சத்தமாத்தான் கேட்டேன்.

ஞாயமான கேள்விதானுங்களே? பொதுவாக் கேட்டது. ஆனா அங்க கோகிலாக்கான்னு ஒருத்தங்க நின்னுட்டிருந்தாங்க. அவங்க வீட்டுக்காரரு எங்க சங்கத்து ஆளுதான், ஆறு மாசத்துக்கு மின்னால தவறிட்டாரு. அந்தம்மா என்னை ஒரு பார்வை பாத்துட்டு நடக்க ஆரம்பிச்சுட்டாங்க. எந்தப் பக்கமா? இடமா! பதட்டத்துல தெரியாமப் போயிட்டாங்கன்னு நெனைக்கறேன். வசந்தாமணி ஓடிப்போயி அவங்க கையப் புடிச்சுட்டுக் கூடவே நடந்தா. அவளும் இடமா. பொறகு ஒவ்வொருத்தரா எல்லாரும் அந்தப் பக்கமாத் திரும்பிட்டாங்க. நான் கதிர்காமத்துக்கும் கொழும்புக்கும் நடுவால, விசில வாயில வச்சுட்டுத் தனியா நிக்கறேன்.

‘நான் வலமாத்தான் போவேன், வர்றவங்க வரலாம்’னு சொல்லிட்டேன். வசந்தாமணி என்ன சொன்னா தெரியுங்களா? ‘போயிட்டு வாங்க மாமா’ன்னா. அவ்வளவு மரியாதை. பஸ்ஸுல அலையறது அவளுக்கு ஒத்துக்காது, அதான். நானும் சரின்னு அவங்களோட அனுப்பி வச்சேன். நாந்தான் அனுப்பினேன்.

கெளம்பற அன்னிக்குப் பாக்கறேன், ரெண்டு பையி. என்ற துணி, பிரஷர் மாத்திரை, முட்டிக்குத் தடவற தைலம் எல்லாம் ஒண்ணுல. அவளுது தனியா இன்னொண்ணுல. நான் சொல்லவே இல்லீங்க, அவளாப் பிரிச்சு வச்சிருக்கறா. அவ்வளவு சூட்டிகை!

என்ற பயணம் எப்படின்னு கேக்கறீங்களா? ஏ ஒன்னுங்க. முன்னேசுவரம் போறப்ப நடை சாத்தியிருந்துது, கோபுரத்தக் கும்பிட்டுட்டு அடுத்த பஸ்ஸப் புடிச்சேன். கேதீசுவரத்துல உள்ள போனா மன்னார் பஸ் போயிரும், வெளிய நின்னே ஒரு சூடம். யாழ்ப்பாணத்துல ஒரே மழை, லாட்ஜு ஜன்னல்ல இருந்து ஊரு நல்லாத் தெரிஞ்சுது. கோணேசுவரம் மலை மேல இருக்குதுன்னு ஆரும் சொல்லலீங்க, ஏறினா இந்த பஸ்ஸு போயிரும். ஆனா வலம் மட்டும் ஒரு எடத்துலயும் தப்பல. பாருங்க, இப்பக்கூட மலை சோத்தாங்கைப் பக்கந்தான். மழைல தெரியல, ஆனா இருக்கும்.

செருப்பு பிஞ்சு போச்சு. காலு கொஞ்சம் வீங்கியிருக்குது. மூணு நாளா பன்னு. அதொண்ணுமில்லீங்க.

நேத்து அவளே ஃபோன் பண்ணினா. ‘மாமா, நீங்க வர்ற பஸ்ஸு எங்க டீக்கு நிக்குமுங்க? விசாரிச்சுச் சொல்லுங்க, எங்க வேனையும் அங்கயே நிறுத்தச் சொல்றேன்’னா. பாத்தீங்களா? ஆளு எங்கூட ஏறத் துடிக்கறா. இல்லாட்டி அவளுக்கு எதுக்குங்க என்ற பஸ்ஸு நிக்கற எடம்?

அதா! அதா வருது... இல்லீங்க, அது மீன் வண்டி. ஆனா பஸ்ஸு மெதுவாகுது பாருங்க. நிறுத்தறாரு. கடைக்கு அக்கட்டால நிக்கறது வெள்ளை வேனுங்களா? ஆமாங்க! வசந்தாமணிதான், பாருங்க, எறங்கி நின்னுட்டிருக்கறா! தம்பி, நீங்க போயி டீ குடிங்க, நான் அவளக் கூட்டிட்டு வந்தர்றேன். அவ பையி கனமா இருந்தா சித்தே கை குடுக்கறீங்களா?

*

ஏறிட்டீங்களா தம்பி. உக்காருங்க.

இல்லீங்க, அவ வரல.

நீங்க கடையோரம் நின்னு பாத்துட்டுத்தான் இருந்தீங்க. ஆனா மழைச் சத்தத்துல பேசினது கேட்டிருக்காது. சொல்றேன்.

மொதல்ல எனக்கு அவள அடையாளமே தெரியலீங்க. வெயில்ல கறுத்துப் போயிட்டா. தலைல தொப்பி. தொப்பிங்க! வசந்தாமணி தலைல! ஓடி வந்து என்ற ரெண்டு கையயும் புடிச்சுட்டு, சாப்பிட்டீங்களான்னுகூடக் கேக்கல, ‘மாமா, பாத்துப்போட்டனுங்க!’ங்கறா.

‘மொதல்ல முதுகு மட்டுந்தானுங்க மாமா தெரிஞ்சுது. நான் பாறைன்னு நெனைச்சேன். பொறகு மூச்சு விட்டுதுங்க. பொஸ்ஸுன்னு. அந்தத் தண்ணி காத்துல வந்து என்ற மூஞ்சில பட்டுது. மீன் நாத்தம்! கோகிலாக்கா வாந்தியே எடுத்துட்டாங்க. நான் தொடைக்கவே இல்லீங்க. சாயங்காலம் வரைக்கும் அப்படியே வச்சிருந்தேன்’னு சொல்லிச் சிரிக்கறா. சிரிச்சுட்டே கண்ணுல தண்ணி வேற. அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்லீங்க. வீட்டுல எதுக்குச் சிரிக்கப் போறா?

நானும் எதாச்சும் கேக்கணுமில்லீங்களா? ‘அது எந்தப் பக்கமாப் போச்சு, வலமா இடமா?’ன்னு கேட்டேன்.

அதுக்கு அவ சிரிக்கறத நிறுத்திட்டு என்னையே பாத்தா. பொறகு மறுபடியும் சிரிச்சா. இந்தத் தடவ வேற மாதிரி.

முந்தானைல என்ற தலையத் தொவட்டி விட்டா. காலப் பாத்தா. ‘என்னங்க மாமா இப்படி வீங்கியிருக்குது? கோயிலெல்லாம் நல்லாப் பாத்தீங்களா?’ன்னா. நான் எல்லாம் பாத்தேன்னேன். ‘கோணேசுவரம்?’னா. ‘ம்’னேன். ‘நாங்க நாளைக்குப் போறோமுங்க. ரெண்டு நாள் திரிகோணமலைலயே தங்கறோம். எங்கூட வாங்க மாமா. வேன்ல எடம் இருக்குது. இன்னொருக்காச் சாமியப் பாக்கலாம், நின்னு பாக்கலாம்’னா.

நீங்களே சொல்லுங்க தம்பி. பாதித் தீவு சுத்தியாச்சு. இங்க இருந்து திரும்பினா என்னாகும்? இதுவரைக்கும் சுத்தினது பூராவும் அவுந்து போகுமில்லீங்களா? மழைல நனைஞ்சது, பன்னு தின்னது, எல்லாம் வீண்.

ரத்தினசாமி வேற எறங்கி வந்து, ‘வாங்க செக்ரட்டரி, நீங்க இல்லாம நேரத்துக்கு ஒண்ணும் நடக்க மாட்டேங்குது’ன்னு கையப் புடிச்சு இழுக்கறாரு. லொள்ளுதானுங்களே அது? ஆனா மொகத்தப் பாத்தா லொள்ளு மாதிரித் தெரியல. அதுதான் எனக்குப் புரியல. கோகிலாக்கா வேனுக்குள்ள எந்திரிச்சு நின்னு, அவங்க உக்காந்திருந்த எடத்தைக் கையால தட்டிக் காட்டறாங்க. வசந்தாமணிக்குப் பக்கத்து எடம். அந்தம்மா மனசுல ஒண்ணும் வச்சுக்கலைன்னு தெரிஞ்சுது. நாந்தான் சொன்னனே, பொதுவாச் சொன்னதுன்னு.

நான் அவகிட்ட, ‘உம் பையி எங்க? எடுத்துட்டு வா’ன்னேன்.

‘நீங்க வாங்க மாமா’ன்னா.

‘நீ வா’ங்கறேன்.

‘நீங்க வாங்க’ங்கறா.

கலியாணம் ஆன நாள்ல இருந்து நாந்தானுங்க ‘வா’ம்பேன். அவ வருவா. அவ என்னை வாங்கன்னு கூப்பிட்டது இன்னிக்குத்தான். சத்தியமாச் சொல்றேன், போயிரலாம்னுதான் இருந்துது தம்பி. காலு அந்தப் பக்கமா ஒரு எட்டு வச்சிருச்சு. அந்த வேனுக்குள்ள அத்தனை பேரும் என்னையே பாக்கறாங்க.

‘பஸ்ஸு கெளம்புது’ன்னேன்.

சொல்லிட்டு வேகமா வந்து இங்க ஏறி உக்காந்துட்டேன். அவ பின்னாலயே ரெண்டு எட்டு வந்து நின்னுட்டா. பொறகு வேன்ல ஏறிட்டா.

அந்நேரம் பஸ்ஸு போயிருக்கோணுமா இல்லீங்களா? நீங்களே பாத்தீங்களே, இந்த டிரைவரு என்ன பண்ணினாருன்னு! அப்பத்தான் டீயவே கைல வாங்கறாரு. வாங்கி, ஊதி, கடைக்காரம்மாகிட்டக் கதை பேசி, இன்னொரு வடை கேக்கறாரு. பஸ்ஸு அப்படியே நிக்குது. அக்கட்டால வேனும் நிக்குது. என்ற பஸ்ஸு போனதும் கைய ஆட்டிட்டுப் போலாம்னு அவதான் நிறுத்தச் சொல்லியிருப்பா. ஜன்னல்ல கைய வச்சுட்டு இங்கயே பாக்கறா. நான் என்ன பண்ணுவேன்? கெளம்புதுன்னு சொல்லிட்டு வந்தவன் எப்படித் திரும்பி அவ மூஞ்சியப் பாக்கறது? பஸ்ஸு ஓடிட்டிருக்கறாப்பல நேரா முன்னால பாத்துட்டு உக்காந்திருந்தேன். முன்னால இருக்கற கம்பியக்கூடப் புடிச்சுக்கிட்டேன்.

எவ்வளவு நேரம் நிப்பாங்க? கடைசில வேன்தான் போச்சு.

என்ன டிரைவருங்க இவரு! எங்க கம்பெனியா இருந்தா அப்பவே மெமோ குடுத்திருப்பேன். அவரு மட்டும் நேரத்துக்கு எடுத்திருந்தாருன்னா, நான் அவகிட்டச் சொன்னது நெசமாயிருக்குமில்லீங்களா தம்பி?